கடைக் கணிப்பொறியில் தமிழ்: விசைப்பலகையை அமைப்பது எப்படி?

மளிகைக் கடையானாலும் பட்டு ஜவுளிக் கடையானாலும் இன்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. ஆனால் அதில் ஏறும் சரக்கின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறுகின்றன. இதனால் என்ன நஷ்டம் என்று சில அன்பர்கள் கேட்கலாம்.

ஆங்கில எழுத்தில் வெல்லமும் வெள்ளமும் ஒன்றுதான். சரக்கு விஷயத்தில் இது சிரிப்போடு போய்விடும். கடன் கணக்கில் அப்படிப் போகாது. சுந்தரம் என்ற பெயரைக் காலையில் பில் போடுபவர் ஒரு விதமாக அடிப்பார், மாலையில் வருபவர் வேறு விதமாக அடிப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு விழும். பற்று ஒன்றில் இருக்கும், வரவு மற்றொன்றில் போய்ச் சேரும். பணத்தைக் கட்டிவிட்டவரிடம் மீண்டும் பாக்கி கேட்டால், பத்து வருட வாடிக்கை ஒரு நாளில் போய்விடும். பெயரைத் தமிழிலேயே ஏற்றினால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

விசைப்பலகை வகைகள்

தமிழுக்கு வழக்கில் உள்ள முக்கிய முறைகள் நான்கு.

1. பழைய தட்டச்சு முறை: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்காக வகுத்த வழியில் வந்தது. தட்டச்சுத் தேர்வு எழுதியவர்களுக்கு இதுவே கைப்பழக்கம். அவர்கள் மாற வேண்டியதில்லை.

2. தமிழ்99: 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தரமாக ஏற்ற முறை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் ஆக 31 விசைகள் போதும். உயிரெழுத்துகள் இடது கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும்.

3. இன்ஸ்கிரிப்ட்: மத்திய அரசு இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்தது.

4. ஒலிபெயர்ப்பு முறை: ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும். தொடங்க எளிது. ஆனால் ல, ள பேதத்துக்குப் பெரும்பாலும் ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும். கூட்ட நேரத்தில் அதை மறந்தால் வெல்லம் மீண்டும் வெள்ளமாகும்.

தட்டச்சு பழகாத கடைக்காரர்களுக்குத் தமிழ்99 ஏற்றது.

கணிப்பொறியில் அமைக்கும் முறை

விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறியில் இவ்வாறு செய்யவும்.

1. செட்டிங்ஸ் பகுதியில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதனுள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்பதைத் திறக்கவும்.
2. ஆட் எ லாங்குவேஜ் என்பதை அழுத்தி, தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்து நிறுவவும்.
3. தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் சென்று, வேண்டிய விசைப்பலகையைச் சேர்க்கவும்.
4. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். எந்த மொழியில் இருக்கிறோம் என்பது திரையின் கீழ்ப்பகுதியில் தெரியும்.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற நிரல்களை நிறுவியும் தமிழில் அடிக்கலாம்.

தமிழ்99: முதல் நாள் பயிற்சி

மெய் விசையை அடித்தால் அகரம் ஏறிய எழுத்து வரும். பின்னால் உயிர் விசையை அடித்தால் உயிர்மெய் ஆகும். ஆங்கில விசைகளின் பெயரில் சொன்னால்:

கடை: எச், ஓ, ஆர்.
எள்: ஜி, ஒய், எஃப்.
பருப்பு: ஜே, எம், டி, ஜே, ஜே, டி.
வெல்லம்: வி, ஜி, என், என், கே, எஃப்.

ஒரே மெய்யை இரு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழ வேண்டும் என்பது தமிழ்99-இன் விதி. உங்கள் கணிப்பொறியில் அப்படி விழாவிட்டால் நடுவில் எஃப் விசையை அடித்துப் புள்ளி இடவும். சரக்குப் பட்டியலில் தினம் இருபது பெயர்களை அடித்துப் பழகுங்கள். விசைகளின் இடம் விரைவில் கைக்கு வந்துவிடும்.

பிற மொழிகள்

காஞ்சிக்குக் கோயிலுக்கும் பட்டுக்கும் வருபவர்களில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுவோர் பலர். 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாள் நடந்த அத்திவரதர் தரிசனத்தின்போது வந்த கூட்டத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மேலே சொன்ன அதே வழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் சேர்க்கலாம். இங்கே இன்ஸ்கிரிப்ட் கைகொடுக்கும். ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே விசை என்பதே அதன் அமைப்பு. தமிழ் 'க' உள்ள கே விசையில்தான் தெலுங்கு, கன்னட, இந்தி 'க'வும் இருக்கும். பல மொழியில் விலைப்பட்டியல் அடிப்பவர் இதைக் கற்பது லாபம்.

இரண்டு விதிகளை மனதில் கொள்ளவும். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிலும் முதன்மையாகவும் இருக்க வேண்டும். ஆனால் பொட்டலமிட்ட சரக்கின் எடை, விலை முதலிய கட்டாய விவரங்களைத் தமிழில் மட்டும் அச்சிட்டால் போதாது. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழிலும் போடலாம்.

எழுத்துரு எச்சரிக்கை

பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். கணிப்பொறியை மாற்றும் நாளில் வாடிக்கையாளர் பட்டியலே பயனற்றுப் போகலாம். யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

சோதிப்பது எளிது. பட்டியலில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே போனால் அது யூனிகோடு. இல்லையென்றால், பழைய கணிப்பொறி ஓடும்போதே என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற நிரலால் மாற்றிக்கொள்ளுங்கள். புதிய பில் மென்பொருள் வாங்கும்போதும் தமிழில் ஒரு பில் அச்சிட்டுக் காட்டச் சொல்லி, பிறகு பணம் கொடுங்கள். சில சிறிய பில் பிரிண்டர்களில் திரையில் தெரியும் தமிழ் தாளில் வராது.

பேரேட்டுக் குறிகள்

நம் முன்னோர் பேரேட்டில் எழுதிய பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸), ரூபாய் (௹) ஆகிய குறிகளும் 2003-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. ஆங்கில (இந்தியா) விசைப்பலகையில் வலது ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ₹ வரும்.

முதல் வேலையாக, பாக்கி உள்ள வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் தமிழில் ஏற்றுங்கள். இரட்டைக் கணக்குகள் தாமாகவே கண்ணில் படும். அவற்றைச் சேர்த்து நேர் செய்த பிறகு சரக்குப் பட்டியலுக்குப் போகலாம்.