சபரும் குடும்பமும்



ஊரிலிருந்து வரும் கேள்வி இப்பொழுது மாறிவிட்டது. "கடையில் ஓர் ஆளுக்கு இடமுண்டா?" என்று கேட்டவர்கள், "மருமகனுக்குப் பத்து காவானில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. பெண்டு பிள்ளைகளையும் கூட்டி வரலாமா?" என்று கேட்கிறார்கள். யோசனை சொல்லும் இடத்தில் இருக்கும் வர்த்தகர்களாகிய நாம் முதலில் விஷயத்தைப் படித்துக்கொள்வது நலம்.

பத்து காவானைத் தோட்டமாக அறிந்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். தீவின் பாயான் லெப்பாசில் 1972இல் தொடங்கிய மின்னணுத் தொழில், 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலம் திறந்த பின்பு, இந்தப் பெருநிலப் பகுதியிலும் பரவிற்று. அத்தொழிற்சாலைகளில் சில்லுகளைச் சோதிக்கவும் இயந்திரங்களை நடத்தவும் நிரல் எழுதுவோர் தேவை. நம் பிள்ளைகள் அதற்குத்தான் வருகிறார்கள்.

"நம் பாட்டன்மார் தனியாக வந்து சம்பாதிக்கவில்லையா? இவனுக்கு மட்டும் என்ன?" என்பாரும் உளர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழும்பிய 1801 முதற்கொண்டே நம்மவர் இங்குண்டு. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தவர்களும் பெரும்பாலும் தனி ஆட்களே. கடையநல்லூர்க்காரர்கள் பலர் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். மற்றவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் போய் வந்தார்கள். பணம் தவறாமல் போயிற்று, வீடு எழும்பிற்று, குமர் கரையேறிற்று. ஆனால் அறுபது வயதில் ஊர் திரும்பி, தம் சொந்த வீட்டுத் திண்ணையிலேயே விருந்தாளியைப் போல் உட்கார்ந்திருந்த பெரியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வேறு வழியில்லை. வழியிருக்கிறவனும் அப்படித்தான் வாழவேண்டும் என்று நாம் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மத்யனில் அந்தப் பெரியவரிடம் வேலைக்கு அமர்ந்தபோது, எட்டு வருஷம் கடமை, பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று தவணை முதலிலேயே தெளிவாகப் பேசப்பட்டது. தவணை முடிந்ததும் அவர்கள் குடும்பத்தோடுதான் பயணம் புறப்பட்டார்கள். தவணை பேசாத சபர்தான் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. "முதலில் ஒரு வருஷம் தனியாக இருந்து பார்க்கிறேன்" என்று வந்தவர் அந்த ஒரு வருஷத்தை எப்பொழுது முடித்தார்?

இனிக் காகிதக் காரியம். வேலை அனுமதிச் சீட்டு சம்பளத்தை வைத்து வகுக்கப்படுகிறது. குடும்பத்துக்குச் சார்ந்தோர் சீட்டு கிடைக்குமா என்பதையும் முன்பே விசாரிக்கவேண்டும். வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், கையெழுத்திடுமுன், எந்த வகுப்பு, எத்தனை மாதம், குடும்பச் சீட்டுக்கு விண்ணப்பிப்பவர் யார், செலவு யாருடையது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கவேண்டும். சீட்டு அந்த முதலாளியோடு கட்டுண்டது. வேலை போனால் சீட்டும் போகும், மனைவி மக்கள் சீட்டும் கூடவே போகும். மனைவி எவ்வளவு படித்தவளாயினும் தனி அனுமதியின்றி இங்கு வேலை செய்யக்கூடாது. இதைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வந்து இறங்கிய பின் சொல்வது அநீதி.

நம்மவர் அதிகம் இடறி விழுவது நிக்காஹ் சான்றில். ஜமாஅத் தஃப்தரில் பதிந்தாயிற்றே என்று இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி எம்மதத்தினரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் அரசாங்கத்திலும் பதியவேண்டும். அதைச் செய்யாமல் வந்துவிட்டு, மனைவிக்குச் சீட்டுப் போடும் நேரத்தில் ஊருக்கு ஆள் அனுப்பி அலைந்த பிள்ளைகள் உண்டு. ஊர் ஜமாஅத்துக்கு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

பணக் கணக்கு நமக்குத் தெரிந்த துறை. வீட்டுக்காரர் வழக்கமாக இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக மூன்றரை மாத வாடகையை ஒருசேரக் கேட்பார். அதே சமயத்தில்தான் வரியும் கடிக்கும். வருஷத்தில் 182 நாள் தங்காதவர் பொதுவாக வசிப்பவர் கணக்கில் சேரார். அவருக்கு வரி 30 விழுக்காடு. பிற்பாதியில் வந்து தொடர்ந்து தங்குகிறவருக்கு அடுத்த வருஷத்தோடு சேர்த்துக் கணக்கிடும் விதி உண்டு, பணம் திரும்பி வரலாம். ஆனால் முதல் சில மாதம் கையில் இராது. அந்த மாதங்களுக்கு ஒரு கர்ளன் ஹஸனா கொடுத்து உதவ நம்மால் முடியும். கடன் வசனப்படி எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள்.

இங்கு பிள்ளை பிறந்தால், பிறந்த மண்ணை மட்டும் வைத்துக் குடியுரிமை வராது. கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருஷத்துக்குள் பதிந்துவிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டினருக்குக் கட்டணம் வேறு.

இவ்வளவும் எழுதுகையில் ஒன்று மனத்தை உறுத்துகிறது. மென்பொருள்காரனுக்குக் கிடைக்கும் இந்த வழி, நம் சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றும் பையனுக்கு இல்லை. அவனுடைய தற்காலிக வேலைச் சீட்டில் மனைவி மக்களை அழைத்துவரச் சட்டம் இடம் தராது. சட்டம் நம் கையில் இல்லை. லீவு நம் கையில்தான் இருக்கிறது. நோன்புக்குக் கூட்டம் அதிகம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆளில்லை என்று அவன் பயணத்தைத் தள்ளிப்போடும் வழக்கத்தை நாம் நிறுத்தவேண்டும். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேர் விமானம் தொடங்கியதிலிருந்து தூரத்தைச் சாக்காகச் சொல்லவும் நமக்கு வாய் இல்லை.

மீண்டும் பத்து காவானுக்கு வருவோம். புதிய அடுக்குமாடிகள், கணவன் காலையில் போனால் இரவுதான் திரும்புவான். கார் இல்லாத பெண்ணுக்கு ஜார்ஜ் டவுன் அக்கரைச் சீமைதான். ஓதிக்கொடுக்கும் உஸ்தாது எங்கே, தமிழ் பேசும் பெண் வைத்தியர் யார், இறைச்சிக்கு எந்தக் கடை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். குடும்பம் ஒன்று வந்த செய்தி கிடைத்தால் அந்த வாரமே அவர்கள் போய்ப் பார்த்து வரட்டும். பாலத்துச் சுங்கம் நம் கணக்கில் இருக்கட்டும்.