எல்லாம் நெட்டில் இல்லை

“எல்லாம் நெட்டுலயே இருக்கு சார், லைப்ரரிக்கு எதுக்குப் போகணும்?” அசைன்மென்ட் காலம் வந்துவிட்டால் கல்லூரி நூலகர்கள் இதைக் கேட்காத நாளில்லை. மாணவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சில ஆசிரியர்களே வகுப்பில் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இது பொய். நம் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. நாட்டுடைமையான நூல்களை விட்டுவிட்டால், கடந்த அரை நூற்றாண்டில் தமிழில் வந்த ஆய்வு நூல்களில் பெரும்பகுதியை உரிமையாளர் அனுமதியின்றி யாரும் இணையத்தில் ஏற்ற முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிய கொடைதான். ஆனால் அங்குள்ள பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். கூகுளில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தப் பக்கங்களுக்குள் இருக்கும் வரி அகப்படாது. நூலின் பெயர் தெரிந்து போனால்தான் கிடைக்கும்.

தாது வருடப் பஞ்சம் பற்றி ஓர் அசைன்மென்ட் என்று வையுங்கள். இணையத்தில் ஒரே நான்கு பத்திகள் தளத்துக்குத் தளம் திரும்பத் திரும்ப வரும். நூலகத்துக்கு வந்தால், முதலில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தையோ பொதுவான ஒரு வரலாற்று நூலையோ எடுத்து ஆண்டுகளையும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1876-78 என்று தெரிந்ததும் அந்நூலின் துணைநூற்பட்டியலுக்குப் போங்கள். வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூல், லெஃபானுவின் சேலம் மாவட்ட மானுவல் என்னும் கையேடு (1883), நிக்கல்சனின் கோயம்புத்தூர் மானுவல் (1887) எல்லாம் பஞ்சம் ஓய்ந்த பத்தாண்டுக்குள் வந்தவை. இவற்றில் சில ஸ்கேன் வடிவில் இணையத்திலும் உண்டு. ஆனால் தலைப்பில் பஞ்சம் என்ற சொல்லே இல்லாத ஒரு மாவட்ட மானுவலைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்? துணைநூற்பட்டியல் சொல்லும், நூலகர் சொல்வார். நூல்களை வகைப்படுத்தும் டூயி முறையில் 954 இந்திய வரலாறு. அந்த வரிசையில் தேடி வந்த நூலை மட்டும் உருவிக்கொண்டு போகாமல், இருபுறமும் இருப்பவற்றின் பொருளடைவையும் புரட்டுங்கள். பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த நூற்பட்டியலோடு வருகிறார்கள். அதில் பாதி நூல்களை யாருமே எழுதியதில்லை. இருக்கிறதா என்று பார்க்காத நூலை மேற்கோள் காட்டுவது ஏமாற்று வேலை. வேறு பெயர் அதற்கில்லை.

மாணவர்கள் கேட்கும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாதா? தொடலாம், அடிக்குறிப்புகளைப் பார்க்க. 10 விழுக்காடு வரை காப்பி அடிக்கலாமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி அந்த அளவு வரை தண்டனை இல்லை என்கிறது. பிறர் எழுத்தை உங்களுடையதாகக் காட்ட அது அனுமதியன்று. ஆய்விதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டுமா? உங்கள் கல்லூரி என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருந்தால் கடவுச்சொல்லை நூலகரிடமே கேட்கலாம். ஷோத்கங்கா இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

மாணவர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமில்லை. பல கல்லூரிகளில் நூல்கள் இன்னும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சீட்டு எழுதிக் கொடுத்தால் உதவியாளர் எடுத்து வருவார். அந்த மாணவன் பக்கத்து நூலை எப்படிப் பார்ப்பான்? சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். நூல் தொலைந்தால் நூலகர் சம்பளத்தில் கைவைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பூட்டுக்குக் காரணம் அந்தப் பயம். கல்லூரி முதல்வர்களே, முதலில் அந்த வழக்கத்தை ஒழியுங்கள். கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் நூலகத்துக்கு ஒதுக்குங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே அலமாரிகளைத் திறந்துவிடுங்கள்.