நீரினின்று கரிம அமிலங்களைக் கரைப்பான் கொண்டு பிரித்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரப் பகுதியிலுள்ள வித்துராவைச் சுற்றிச் சிறு ரப்பர்த் தோட்டங்கள் பல உள்ளன. ரப்பர்த் தாள் செய்வோர், மரத்தினின்று வடித்த பாலில் உலர் ரப்பர் 12.5 விழுக்காடு இருக்குமாறு நீர் கலந்து, பின்னர் பார்மிக் அமிலமோ அசெட்டிக் அமிலமோ சேர்த்து உறையச் செய்வர். இவ்வாறு 1 கிலோ ரப்பர் பெறும்போது ஏறத்தாழ 7 கிலோ நீர் கழிவாக வெளிப்படுகிறது. அதிலுள்ள அமிலத்தை மீட்கலாகாதா என்னும் வினா களப்பணியாளர்களிடம் எழுவது இயல்பே. கரைப்பான் முறையின் தத்துவத்தை அறிந்தால் விடை தானே புலனாகும்.

அசெட்டிக் அமிலத்தின் கொதிநிலை 118° செ.; நீரின் கொதிநிலை 100° செ. எனவே காய்ச்சி வடித்தால் நீரே முதலில் ஆவியாகும். 100 பங்கு கரைசலில் அமிலம் 5 பங்கே எனின், அதனைப் பெற 95 பங்கு நீரை ஆவியாக்க வேண்டும். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் தேவை. நீருடன் முற்றிலும் கலவாத எதைல் அசெட்டேட்டுக்கோ 88 கலோரி அளவே போதும். அதன் கொதிநிலையும் 77° செ. ஆகும். ஆகையால் அமிலத்தை முதலில் இக்கரைப்பானுக்கு மாற்றி, பின்னர்க் கரைப்பானை வடித்து எடுத்தல் சிக்கனமாகும். வடித்த கரைப்பான் மீண்டும் பயன்படும்.

ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களுக்கிடையே ஒரு பொருள் குறிப்பிட்ட விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்னும் விதியை நெர்ன்ஸ்ட் 1891-இல் விளக்கினார். கணக்கை எளிதாக்க, அவ்விகிதம் 1 எனக் கொள்வோம். 100 மி.லி. கரைசலை 100 மி.லி. கரைப்பானுடன் ஒரே முறை குலுக்கினால், அமிலத்தில் 50 விழுக்காடு நீரில் எஞ்சும். அதே கரைப்பானை 50 மி.லி. வீதம் இரு முறை பயன்படுத்தினால் 44 விழுக்காடும், 25 மி.லி. வீதம் நான்கு முறை பயன்படுத்தினால் 41 விழுக்காடுமே எஞ்சும். கரைப்பானைச் சிறு சிறு பகுதிகளாகப் பயன்படுத்துவதே நலம் என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர்கள் இதனை வினிகரைக் கொண்டு மாணாக்கருக்குச் செய்து காட்டலாம். பிரிபுனலில் குலுக்கிப் பிரித்த நீர்ப்பகுதியை, பினாப்தலீன் துணையுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு உடனே தரம் பார்த்தல் வேண்டும். எதைல் அசெட்டேட்டு எளிதில் தீப்பற்றும். அருகில் சுடர் இருத்தல் கூடாது. குலுக்கும்போது புனலின் அடைப்பானை அடிக்கடி திறந்து ஆவியை வெளியேற்றுக.

இனி ரப்பர்க் கழிவுநீருக்கு வருவோம். அயனியாகப் பிரியாத அமில மூலக்கூறே கரைப்பானுக்குள் செல்லும். அயனி நீரிலேயே தங்கும். பார்மிக் அமிலம் பி.எச். 3.75-இல் பாதியளவு அயனியாகிறது. கழிவுநீரின் பி.எச். 4.75 எனின், பதினொரு பங்கில் ஒரு பங்கே பிரியாத நிலையில் இருக்கும். எஞ்சியதையும் பெற வேண்டுமாயின் கந்தக அமிலம் போன்ற வலிய அமிலத்தைச் சேர்க்க நேரும். மிகச் சிறிதளவே உள்ள அமிலத்திற்காக அச்செலவும், நீரில் கரைந்து இழக்கப்படும் கரைப்பானின் விலையும் ஈடாகமாட்டா.

எனவே தோட்டத்தாருக்கு நாம் கூறத்தக்கது இதுவே: அமிலத்தை அளந்து, தேவைக்கு மிகாமல் சேர்த்தலே முதற் சிக்கனம். எஞ்சும் கழிவுநீரை ஓடையில் விடாது, காற்றுப் புகாத செரிப்புத் தொட்டியில் செலுத்தினால், நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமப் பொருள்களை எரிவாயுவாக மாற்றும். அமிலம் செறிந்துள்ள ஆலைக் கரைசல்களுக்கே கரைப்பான் முறை ஏற்றதாகும்.