குடல் கயிறான கதை

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் வட்டத்தின் நாண் வருகிறது. அறிவியலில் குரல்நாண் வருகிறது. மேல்நிலை விலங்கியலில் முதுகுநாண். மூன்றையும் வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்துவதால், மூன்றிலும் நிற்பது ஒரே சொல் என்பது மாணவர் கண்ணில் படுவதில்லை. வில்லில் பூட்டும் கயிறுதான் நாண். வட்டத்தின் ஒரு வில்லை வரைந்து அதன் இரு முனைகளையும் கோட்டால் இணைத்துக் காட்டினால், விளக்கமே வேண்டியதில்லை.

மேலை நாட்டு நூல்களிலும் இந்த மூன்று இடங்களிலும் ஒரே சொல்தான். அது 'கொர்தா' என்னும் லத்தீன் சொல். லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதன் பழைய பொருள் கயிறு அன்று, குடல். ஆட்டுக்குடலை உலர்த்தி முறுக்கி இசைக்கருவிகளில் கட்டினார்கள். குடலின் பெயர் தந்திக்கு ஆயிற்று, தந்தியின் பெயர் பிறகு எல்லா வகைக் கயிற்றுக்கும் ஆயிற்று. நாமும் யாழின் தந்தியை நரம்பு என்றுதானே சொன்னோம்! 1741இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் அந்துவான் ஃபெரேன், குரல்வளையில் உள்ள மடிப்புகளை இசைக்கருவியின் தந்திகளுக்கு ஒப்பிட்டுக் 'குரல் தந்திகள்' என்று பெயரிட்டார். அவை உண்மையில் மடிப்புகளே. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தச் சொல்லை மொழிப்பாட ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. கைப்பேசியில் வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, உலகின் எந்த மொழிச் சொல்லைக் கேட்டாலும் "இது தமிழ்தான் ஐயா" என்று சொல்லும் பழக்கம் மாணவரிடம் வளர்ந்துள்ளது. 'கொர்தா' என்றால் கயிறு என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ககரம் இருக்கிறது, ரகர ஒலி இருக்கிறது, பொருளும் ஒன்று. எனவே கயிறுதான் கொர்தா ஆனது என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த ஆர்வத்தை அடக்கக் கூடாது. ஆனால் ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது என்பதைக் காட்டியாக வேண்டும். அதற்கு லத்தீனின் மகள்மொழிகளைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. அங்கே தாய்மொழியே எழுத்தில் கிடைக்கிறது. ஆகவே நாம் ஊகிப்பது சரியா தவறா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவற்றின் பொதுத் தாய்க்கு எழுத்துச் சான்று இல்லாததால் நமக்கு அந்த வசதி இல்லை.

இத்தாலியிலும் போர்த்துகீசியத்திலும் இச்சொல் ஏறக்குறைய 'கொர்தா' என்றே நிற்கிறது. பிரெஞ்சில் இறுதி உயிர் தேய்ந்து 'கொர்த்'. ஸ்பானியத்தில் 'குவெர்தா'. ருமேனியத்தில் 'குவார்த'. இந்த இரண்டும் ஏன் இப்படி மாறின? கதவுக்கான லத்தீன் சொல் 'பொர்த்தா'. அது ஸ்பானியத்தில் 'புவெர்த்தா', ருமேனியத்தில் 'புவார்த்த'. சாவைக் குறிக்கும் சொல் இத்தாலியில் 'மொர்த்தே', ஸ்பானியத்தில் 'முவெர்த்தே', ருமேனியத்தில் 'முவார்த்தெ'. கயிறு, கதவு, சாவு என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களும் ஒரே மாதிரி மாறியிருக்கின்றன. லத்தீனில் அழுத்தம் விழும் குறில் ஒகரம் ஸ்பானியத்தில் 'உவெ' ஆகும். ருமேனியத்தில் அடுத்த அசையில் அகரமோ எகரமோ இருந்தால் அழுத்தமுள்ள ஒகரம் 'உவா' போல ஒலிக்கும். சொல்லுக்குச் சொல் மாறாத இந்த ஒழுங்குதான் உறவின் சான்று. தமிழில் பால், பல், பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து. கன்னடம் பேசும் பிள்ளைகள் உள்ள எல்லையோரப் பள்ளிகளில் இதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

விதியில் 'அழுத்தம் விழும்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். ஸ்பானியத்தில் கயிறு 'குவெர்தா'. ஆனால் நாடாக்கயிறு 'கொர்தோன்'. பின்னொட்டு சேர்ந்ததும் அழுத்தம் அடுத்த அசைக்கு நகர்ந்துவிடுகிறது, ஒகரம் தப்பிவிடுகிறது. புவியியல் பாடத்தில் ஆண்டிஸ் மலைத்தொடருக்கு வரும் 'கார்டில்லெரா' என்ற பெயரும் இப்படிப் பிறந்ததே. கயிறு போல நீண்டு கிடக்கும் மலை அது.

இனி, ஏமாற்றும் சொற்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஸ்பானியத்தில் 'குவெர்தா' என்றால் கயிறு மட்டுமன்று, புத்தி தெளிவான பெண் என்றும் பொருள். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆனால் இரண்டாவது, இதயம் என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. நினைவுகூர்தலைக் குறிக்கும் 'ரெகொர்தார்' அந்த இதயத்தின் குடும்பம். ஸ்பானியத்தில் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் 'கொர்தேரோ'. ஆட்டுக்குடலில் கயிறு திரித்தார்கள் என்று இப்போதுதான் படித்தோம், ஆகவே இதுவும் உறவு என்று கை தூக்கத் தோன்றும். இல்லை. காலம் தாழ்த்திப் பிறந்தது என்னும் பொருளுடைய வேறு லத்தீன் சொல் அது. பிரெஞ்சில் செருப்புத் தைப்பவர் 'கொர்தொனியே'. செருப்பில் கயிறு கட்டுவதால் வந்த பெயர் என்றே தோன்றும். உண்மையில் அது ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துத் தோலால் வந்த பெயர். நாடாக்கயிற்றின் பெயர் பின்னால் அதன் வடிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இந்த மூன்றையும் விடை சொல்லாமல் வகுப்பில் கொடுத்து விவாதிக்க விடலாம். விடையைவிட விவாதம் பயன் தரும்.

உறவுச் சொல் எல்லா வீட்டிலும் ஒரே வேலை செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ருமேனியத்தில் 'குவார்த' இசைத்தந்திக்கும் குழந்தைகள் குதிக்கும் கயிற்றுக்கும் உரியது. திராட்சைக் கொடிக்கும் அதே பெயர். மாடு கட்டும் வழக்கமான கயிற்றுக்கு அங்கே 'ஃபூனியெ' போன்ற வேறு சொற்கள். அது 'ஃபூனிஸ்' என்ற இன்னொரு லத்தீன் கயிறு. கயிற்றால் மலையில் இழுக்கப்படும் ரயிலுக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள 'ஃபூனிகுலர்' என்ற பெயரும் அதன் வழி வந்ததே. பழனியில் நாம் விஞ்ச் என்று சொல்லி ஏறுவது அந்த வகை வண்டிதான்.

சரி, நம் கயிறு? அது கொர்தாவுக்கு உறவில்லை. ஒத்த சொற்களின் வரிசை எதையும் அதற்குத் துணையாகக் காட்ட முடியாது. ஆனாலும் அது லத்தீனின் ஒரு மகள்மொழிக்குள் நுழைந்திருக்கிறது, உறவினராக அல்ல, விருந்தாளியாக. 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். உப்புநீரைத் தாங்கும், நீரில் மிதக்கும் தென்னைநார்க் கயிறு கப்பல்களுக்குத் தேவைப்பட்டது. மலையாளத்தில் அதன் பெயர் கயறு. போர்த்துகீசியத்தில் அது 'கைரோ' ஆகித் தேங்காய் நாரைக் குறித்தது. ஆங்கிலத்தில் நாம் 'காயர்' என்று சொல்வதும் அந்தக் கயறே. போர்த்துகீசியத்தில் எகிப்தின் தலைநகரையும் 'கைரோ' என்றுதான் எழுதுகிறார்கள். அதற்கும் நம் தென்னைநாருக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம்.