கல்ச்சர் ரிப்போர்ட் வருவதற்குள்

கேள்வி: அவசரப் பிரிவில் ‘செப்சிஸ்’ என்று சொல்லி உடனே ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். ரத்த கல்ச்சர் ரிப்போர்ட்டோ இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் வருகிறது. எந்தக் கிருமி என்று சீக்கிரமே கண்டுபிடிக்க வழியில்லையா?

பதில்: கிருமித்தொற்றை எதிர்க்கும் உடலின் முயற்சி கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே கெடுக்கும் நிலைதான் செப்சிஸ். அதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கிருமியைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. முன்னது கட்டிலருகிலேயே நடக்க வேண்டியது. மூச்சு நிமிடத்துக்கு 22-ஐத் தொடுவது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 100-க்கு இறங்குவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அபாய அறிகுறிகள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவதுதான் பல இடங்களில் விட்டுப்போகிறது. காசு செலவில்லாத பரிசோதனை என்பதாலோ என்னவோ. ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்திலுள்ள புரோகால்சிடோனின் என்ற பொருளின் அளவும் உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கிருமியைக் கண்டுபிடிக்க நேரமாவது அது கல்ச்சர் பாட்டிலில் வளர வேண்டியிருப்பதால். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. அளவு குறைந்தால் கிருமி சிக்காமல் போகலாம். பாட்டிலில் கிருமி வளர்ந்தது தெரியவே பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் ஆகிறது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய மேலும் ஓரிரு நாள். வளர்ந்த கிருமியின் பெயரை மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும். பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் மல்டிபிளக்ஸ் பிசிஆர் சுமார் ஒரு மணி நேரத்தில், மருந்துக்குக் கட்டுப்படாமல் செய்யும் சில எதிர்ப்பு மரபணுக்களையும் காட்டும். கல்ச்சருக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்தே சில மணி நேரத்தில் கண்டறியும் டி2 பாக்டீரியா பரிசோதனைக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி தந்தது. ஆனால் அதன் பட்டியலில் இருந்தவை ஒருசில கிருமிகளே.

கல்ச்சரில் சிக்காத கிருமிகளும் உண்டு. தமிழ்நாட்டில் பரவலாக உள்ள ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் கிருமி சாதாரண கல்ச்சரில் வளரவே வளராது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோன்ற கருகிய புண் இருக்கிறதா என்று ஆடையை விலக்கிப் பார்ப்பதே அதற்கு அதிவேகப் பரிசோதனை.

செப்சிஸோடு ரத்த அழுத்தமும் சரிந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் என்கிறது 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். அழுத்தம் சரியாமல், வெறும் சந்தேகம் மட்டுமே என்றால் 3 மணி நேரம்வரை பரிசோதிக்க இடம் தருகிறது. கல்ச்சருக்கான ரத்தத்தை ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எனவே உடன் வருபவர்கள் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவருவது நல்லது.