கிராமப் பாங்கியும் குடியானவரின் தவணையும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைக் கடந்து செங்கம் சாலையில் செல்வோர், சிறிது தூரத்திலேயே நெல்லும் நிலக்கடலையும் விளையும் கிராமங்களை அடைகின்றனர். மானாவாரிக் கடலை பயிரிடும் குடியானவருக்கு விதை, எரு, கூலி ஆகியவற்றிற்குப் பணம் வேண்டுவது ஆடி மாதத்தில். பணம் கைக்கு வருவதோ அறுவடைக்குப் பின்பு. இந்த இடைக்காலத்திற்கு வேண்டிய கடனை எங்கே, எந்த நிபந்தனையில் பெறுகிறார் என்பதைப் பொறுத்தே அவர் குடும்பத்தின் க்ஷேமம் அமைகிறது.

கிராமத்திற்கு மலிவான கடன் கிடைக்கச் செய்யும் முயற்சி நெடுநாளையது. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பயனாக ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. ஆயினும் ஏழைக் குடிகள் பலருக்கு லேவாதேவிக்காரரே கதியாக இருந்தனர். ஆகவே சிறு விவசாயிகள், கூலியாட்கள், கைத்தொழிலாளர் ஆகியோரை உத்தேசித்து, 1975 அக்டோபர் 2-ல் இந்தியாவின் முதல் ஐந்து பிராந்திய கிராமப் பாங்கிகள் தொடங்கப்பெற்றன. 1976-ஆம் வருஷத்துச் சட்டம் இவற்றின் மூலதனத்தில் 50 சதவிகிதத்தை மத்திய சர்க்காருக்கும், 15 சதவிகிதத்தை மாநில சர்க்காருக்கும், 35 சதவிகிதத்தை ஆதரவளிக்கும் பாங்கிக்கும் வகுத்தது.

தமிழ்நாட்டில் அதியமான், வள்ளலார் என்னும் இரு கிராமப் பாங்கிகள் 2006-ல் இணைந்து பல்லவன் கிராமப் பாங்கி ஆயின. அதனுடன் 1977-ல் தோன்றிய பாண்டியன் கிராமப் பாங்கியும் சேர்ந்து, 2019 ஏப்ரல் 1 முதல், சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராமப் பாங்கி நடைபெற்று வருகிறது.

இதற்கு ஆதரவளிப்பது இந்தியன் பாங்கி. அதன் வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, பலர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் பின்னரே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி ஏற்பட்டது. பாங்கி கடனாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, பிறர் நம்பி இட்டுவைத்த பணமே என்பதை அந்த முறிவு உணர்த்திற்று. இக்காலத்தில் ஒருவர் ஒரு பாங்கியில் இடும் டெபாசிட்டுக்கு 5 லக்ஷம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. இவ்வரம்பு 2020-ல் ஏற்பட்டது.

இனிப் பயிர்க்கடனின் கணக்கைக் கவனிப்போம். ஒருவர் கடலைச் சாகுபடிக்கு ஆறு மாதத்திற்கு 50,000 ரூபாய் வாங்குவதாகக் கொள்க. தனியாரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியானால் 9,000 ரூபாய் கொடுக்கவேண்டும். கிஸான் கிரெடிட் கார்டின் வாயிலாகப் பெறும் குறுகியகாலப் பயிர்க்கடனுக்கு, சர்க்கார் வட்டிச் சலுகையின்படி, வருஷத்திற்கு 7 சதவிகிதம். அதாவது 1,750 ரூபாய். தவணை தவறாமல் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவிகிதம் தள்ளுபடி கிடைப்பதால் வட்டி 1,000 ரூபாயாகக் குறைகிறது. தவணை தவறினாலோ இத்தள்ளுபடி போய்விடும். தவணைக்குப் பிற்பட்ட காலத்திற்கு வட்டியும் உயரும்.

சொந்த நிலமில்லாத குத்தகைதாரரும் வாரதாரரும் இக்கார்டைப் பெறத் தகுதியுடையவரே. ஈடு காட்ட இயலாதோர் நால்வர் முதல் பதின்மர் வரை கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து கடன் பெறலாம். அதில் ஒருவர் தவறினால் மற்றவரின் மதிப்பும் கெடும்.

சாகுபடிக்கென்று வாங்கிய பணத்தைக் கலியாணத்திலோ திருவிழாவிலோ செலவிடுபவர், அறுவடையின்போது பழைய லேவாதேவிக்காரரிடமே திரும்ப நேரிடும். விளைச்சல் விற்ற அன்றே தவணைப் பணத்தைத் தனியே எடுத்துவைப்பவருக்கோ அடுத்த ஆடியிலும் பாங்கியின் கதவு திறந்திருக்கும்.