தண்ணீர் ஊற்ற யார் இருப்பார்கள்?

மட்டக்களப்புப் பக்கம் ஒரு சிறுவர் இல்லம். திருச்சியிலிருந்து போன சபைக் குழு வேனை விட்டு இறங்கியதும் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எப்ப திரும்பிப் போறீங்கள், சேர்?" என்றான்.

அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டவர் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் குடியிருக்கும் ஒரு கட்டட மேற்பார்வையாளர். மிஷன் பயணம் போக விரும்பும் சபை இளைஞர்கள் யோசனை கேட்டு வந்தால் இன்றும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்.

குழுவில் பன்னிரண்டு பேர். பத்து நாள் பயணம். சுவர் எழும்பி நின்ற இரண்டு அறைகளுக்குக் கூரை போட்டுக் கொடுப்பது திட்டம். எட்டாம் நாள் கான்கிரீட் போட்டார்கள். ஒன்பதாம் நாள் ஜெபம், படம், கேக். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தளத்துக்குத் தண்ணீர் விடுவது பற்றி ஒருவரும் பேசவே இல்லை. பாத்தி கட்டி, குறைந்தது ஏழு நாள் நீர் நிறுத்தி வைக்காத தளம் வெடித்துவிடும். சென்ட்ரிங் பலகையை இரண்டு வாரத்துக்காவது பிரிக்கக் கூடாது. குழுவுக்கோ மறுநாள் விமானம். இல்லத்தில் இருந்தது சமையல்கார அம்மாவும் ஒரு காப்பாளரும்தான்.

உள்ளூர் மேசன் (நம் ஊரில் கொத்தனார்) சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் பாத்துக்கிறன்" என்றார். அந்த இரண்டு வாரத்துக்கு அவருக்குக் கூலி வேண்டுமே, அது பட்ஜெட்டிலேயே இல்லை! மூன்று பேர் கையிலிருந்ததைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

புறப்படும் முன்பே ஒரு கணக்குப் போடுங்கள் என்கிறார் அவர். பன்னிரண்டு பேரின் கொழும்பு விமானக் கட்டணத்தைக் கூட்டி, மேசனின் நாள் கூலியால் வகுக்க வேண்டும். மணல் சுமக்கவே பன்னிரண்டு பேர் போவதாக இருந்தால், பாதிப் பேரின் பயணச் செலவை வேலைக்கே அனுப்பிவிடலாம். வயரிங், பிளம்பிங், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் போகட்டும். சுற்றுலா விசாவில் இந்த வேலை செய்யலாமா என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். இல்லத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் முகத்தை வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

ஆனால் அவரை உலுக்கியது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் தூக்குச்சட்டியில் புட்டு கொண்டுவந்து அந்தப் பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவனுடைய அம்மா. கூலி வேலை, புருஷன் இல்லை, கூரை ஒழுகும் வீடு. பிள்ளை பசியில்லாமல் படிக்கட்டும் என்றுதான் இல்லத்தில் விட்டிருந்தார். அனாதை என்று நினைத்து வந்தவர்கள் பேச்சற்று நின்றார்கள். இது ஒரு ஊர்க் கதை மட்டும் இல்லை. கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் 2011 வாக்கிலேயே சொன்னது. வெளிநாட்டார் கட்டிக் கொடுக்கக் கட்டிக் கொடுக்க, அறைகளை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின் பின்னணியில் இந்தக் கவலையும் இருந்தது.

கடல் தாண்டி வந்து பிள்ளைகளுக்காக உழைத்த ஒருவரின் சுவடைத் திருச்சிக்காரர்கள் தங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே என்ற போதகர் 1698-இல் கட்டத் தொடங்கிய பெரிய அனாதை இல்லத்தைச் சுற்றி வளர்ந்த கூட்டத்திலிருந்து வந்தவர் மிஷனரி சுவார்ட்ஸ். 1750-இல் தரங்கம்பாடியில் இறங்கி, நான்கே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். 1763-இல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் படைவீரர்கள் பலர் மாண்டபோது, தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கோட்டைப் பகுதியில் இன்றும் நிற்கும் அவருடைய கிறைஸ்ட் சர்ச் பிரதிஷ்டையானது அதற்குப் பிறகு, 1766 மே 18 அன்று. முதலில் பிள்ளைகள், பிறகுதான் ஆலயம். பின்னர் தஞ்சாவூருக்குப் போனவர், ஐரோப்பாவுக்குத் திரும்பாமலே 1798-இல் அங்கே இறந்தார். ஏறத்தாழ 48 ஆண்டுகள்!

பத்து நாள் லீவில் போகிறவரிடம் அதைக் கேட்க முடியாது. ஆனால் அந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர்களின் கையில் பணத்தையும் பொறுப்பையும் கொடுத்துவிட்டு வர முடியும்.

அடுத்த ஆண்டு மூன்றே பேர் போனார்கள். இல்லத்தில் புது அறை எதுவும் கட்டவில்லை. சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர்களிடம் பேசி, பையனை அம்மாவிடமே சேர்ப்பதற்கு வழி பார்த்திருந்தார்கள். அந்த வீட்டுக்குக் கூரை மாற்றி, ஒரு கழிப்பறை. வேலை அதே மேசனுக்கு. பூச்சு முடிந்த சாயங்காலம் பையன் வந்து, இதற்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டான். ஏழு நாள் என்றார் மேற்பார்வையாளர். அவன் கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்துக்கொண்டு வந்தான்.